பருத்திக்குடி நாடும் திசைவிரதமும்

அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே, குண்டாற்றின் கரையில் திருச்சுழி என்னும் பழம்பதி உள்ளது. தேவாரப் பாடல் பெற்ற தலம் என்றும், இரமண முனிவர் 1879ஆம் ஆண்டு பிறந்த ஊர் என்றும் அதனைப் பலரும் அறிவர். அதனை அடுத்த பள்ளிமடத்தில் காளைநாத சுவாமி கோயில் இருக்கிறது. சோழன் தலைகொண்ட வீரபாண்டியன் காலத்து, அதாவது 10ஆம் நூற்றாண்டுச் சாசனங்கள் இக்கோயிலைப் பருத்திக்குடி நாட்டுத் திருச்சுழியலில் அமைந்த பள்ளிப்படைச் சுந்தரபாண்டிய ஈசுவரம் என்று அழைக்கின்றன. பருத்திக்குடி நாடு என்னும் பெயர் எண்ணிப் பார்க்கத் தக்கது. ஒரு பெயரை மட்டும் கொண்டு ஒரு நாட்டின் விளைபொருளை முடிவு செய்துவிட இயலாதுதான். எனினும் ஆற்றுப்பாசனம் அருகிய இக்கரிசல் மண்ணில் பருத்தியும் சோளமும் கம்புமே தொன்றுதொட்டுத் துணைநின்றவை என்பதை அங்குள்ள எந்த உழவரும் கூறுவார்.

பள்ளிமடம் என்ற பெயரைக் கண்டவுடன் சமணப் பள்ளியை நினைப்பது நம்மவர்க்கு இயல்பு. ஆனால் பள்ளிப்படை என்பது இறந்த அரசனின் நினைவாக எடுக்கப்படும் கோயிலாகும். ஆகவே ஊர்ப்பெயரை மட்டும் சான்றாக்கி உரிமை பாராட்டுதல் முறையன்று. அதனினும் வலிய சான்று அக்கோயிலுக்குள்ளேயே இருக்கிறது. அங்குள்ள கற்களுள் திருக்காட்டாம்பள்ளியைக் குறிக்கும் சாசனக் கல்லும் ஒன்று. திருக்காட்டாம்பள்ளி என்பது வெண்பு நாட்டுக் குறண்டியில் விளங்கிய சமணப் பெரும்பள்ளி. குறண்டி, முன்னர் அருப்புக்கோட்டை வட்டத்தில் அடங்கியிருந்து இன்று காரியாபட்டிப் பக்கத்ததாக உள்ள சிற்றூர். பள்ளி அழிந்தபின் அதன் கற்கள் இங்குக் கொண்டுவரப்பட்டன என்பது கல்வெட்டறிஞர் கருத்து.

குறண்டியின் பெருமையை அறியக் குறண்டிக்குச் செல்வதைவிட மதுரைக்குச் செல்வதே பயன் தரும். கீழக்குயில்குடிச் சமணர் மலையில், 9, 10ஆம் நூற்றாண்டுகளில் பாறையில் செதுக்கப்பெற்ற தீர்த்தங்கரர் திருமேனிகளின் கீழ்க் குறண்டி அட்டோபவாசி படாரர் என்ற பெயர் காணப்படுகிறது. எட்டு நாள் உண்ணாநோன்பு நோற்பவர் என்பது அப்பெயரின் பொருள். அவர் மாணாக்கர் குணசேனதேவர். குணசேனதேவரின் மாணாக்கர் கனகவீரப் பெரியடிகள். இவ்வாறு ஆசிரியரும் மாணாக்கரும் அவர்தம் மாணாக்கரும் எனத் தலைமுறை தலைமுறையாக நீண்ட கல்விமரபு ஒன்றுக்குக் குறண்டி தாயகமாக இருந்தது. மழை பொய்த்தால் மூன்று ஆண்டும் பயிர் பொய்க்கும் வறண்ட நிலத்தில், உடைமையற்ற துறவியர் கூட்டமொன்றைப் பல தலைமுறை தாங்கிநின்றோர் யார்? அரசர் கொடை ஒருபுறம் இருக்க, உழவரோடு வணிகரும் தாங்கினர் என்பதே வரலாறு காட்டும் விடை.

வறண்ட நிலம் தன் விளைவை மட்டும் உண்டு வாழ இயலாது. நெல் வெளியிலிருந்து வரவேண்டும். பருத்தியும் நூலும் துணியும் வெளியே செல்லவேண்டும். காவிரிக் கரையினர்க்கு வாணிகம் வளத்தின் மிகுதியால் வந்தது என்றால், இந்நிலத்தவர்க்கு அது வறட்சியின் கட்டாயத்தால் வந்தது. பாண்டிநாட்டில் சமணமும் வணிகமும் தொடக்கந்தொட்டே இணைந்து காணப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். மதுரைக்கு அருகே மாங்குளத்துத் தமிழி எழுத்துகள் வெள்ளறை நிகமத்தாரைக் குறிக்கின்றன. நிகமம் என்பது வணிகர் குழு. அழகர்மலைக் குகைத்தளத்தில் படுக்கை அமைத்துக் கொடுத்தவர்களுள் உப்பு வணிகனும், பாணிதம் எனப்படும் வெல்லப்பாகு விற்றவனும், ஏர்க்கொழு விற்றவனும், அறுவை வணிகனும் இருந்தனர். அறுவை என்பது துணி. கரூர்ப் பொன் வணிகன் ஒருவனைப் புகளூர்க் கல்வெட்டு காட்டுகிறது. சிலப்பதிகாரத் தலைமக்களின் தந்தையர் பெயர்களும் இங்கு நினைக்கத் தக்கவை: மாசாத்துவான் தரைவழிச் சாத்தின் தலைவன்; மாநாய்கன் கடல்வழிக் கலத்தின் தலைவன். அம்மக்களுக்கு வழித்துணையாக வந்தவர் சமணத் துறவி கவுந்தியடிகள்.

இவ்வணிகர் சென்ற தொலைவு சிறிதன்று. எகிப்தின் செங்கடற்கரையில் பெரனிகே, குசேர் அல்-காதிம் ஆகிய பழந்துறைகளில் தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் கிடைத்துள்ளன. பெரனிகேயில் இந்தியப் பருத்தித் துணியும் அகழ்ந்தெடுக்கப்பட்டது. தாய்லாந்தின் குவான் லுக் பாட்டில் கிடைத்த உரைகல்லில், அது பெரும்பதன் என்ற பொற்கொல்லனுக்கு உரியது என்று தமிழில் எழுதப்பட்டுள்ளது. வைகை கடலில் கலக்கும் அழகன்குளத்தில் உரோமானியக் காசுகள் கிடைத்தன. உலகமயம் என்ற சொல் 1990களில் நம் செய்தித்தாள்களில் புகுந்தது. அச்சொல் குறிக்கும் பொருளோ பாண்டிநாட்டுக்குப் பழையது.

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழவேண்டும். இத்துணைத் தொலைவு சென்று பொருளீட்டியோரைத் தாங்கிய சமயம், செல்லும் தொலைவுக்கு வரம்பிட்டுக்கொள்ளுமாறு இல்லறத்தாரைப் பணித்த சமயமும் ஆகும். சிராவகர்க்கு உரிய குணவிரதங்களுள் முதலாவது திக்விரதம் எனும் திசைவிரதம். சமந்தபத்திரர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இதனை விளக்குகிறார். அந்நூலைத் தழுவியெழுந்த அருங்கலச்செப்பு வழியாக நம் இல்லங்களில் இது வழிவழியாக ஓதப்பட்டு வருகிறது. பத்துத் திசையிலும், யாவரும் அறிந்த கடல், ஆறு, காடு, மலை, நாடு ஆகியவற்றை எல்லையாகக் குறித்து, அதற்கு அப்பால் சென்று தொழில் செய்வதில்லை என்று வாழ்நாள் உறுதி கொள்வதே இவ்விரதம். இல்லறத்தான் பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டைப் போன்றவன், உருளும் இடமெல்லாம் உயிர்களைச் சுடுவான் என்று உரைகாரர் உவமை கூறுவர். அவன் உருளும் பரப்பைக் குறைத்தால் சுடும் பரப்பும் குறையும்.

இதனை வணிகத்துக்கு விரோதமான விரதம் என்று சிலர் கருதுவது பொருந்தாது. போகாதே என்று விரதம் கூறவில்லை. எதுவரை என்பதைப் புறப்படும் முன்னரே முடிவு செய் என்றே கூறுகிறது. எல்லை கொற்கையாக இருக்கலாம், ஈழமாகவும் இருக்கலாம். அதனைக் குறிப்பவன் வணிகனே. இவ்விரதத்துக்குக் கூறப்பட்ட குற்றங்கள் ஐந்தனுள் ஒன்று கூர்ந்து நோக்கத் தக்கது. அதன் பெயர் க்ஷேத்திர விருத்தி: ஆதாயத்தின் ஆசையால், குறித்த எல்லையைப் பிறகு பெருக்கிக்கொள்வது. சந்தையின் இயல்பை அறியாதவர் எழுதக்கூடிய விதி அன்று இது. களவு செய்யாமை என்னும் அணுவிரதத்துக்குரிய குற்றங்களைப் பாருங்கள்: திருடத் தூண்டுதல், திருட்டுப் பொருளை வாங்குதல், அரசின் தடையை மீறி வாணிகம் செய்தல், கொள்ளும் அளவை ஒன்றும் கொடுக்கும் அளவை வேறொன்றுமாக வைத்தல், கலப்படம். இவ்வைந்தும் கடைத்தெருவைக் கண்முன் நிறுத்தி எழுதப்பட்டவை.

இவ்வறமும் நெடுவழி வாணிகமும் இந்நிலத்திலேயே ஒருங்கே தோன்றும் காட்சியை முதற் குலோத்துங்க சோழன் காலம் தருகிறது. 1070இல் அரியணை ஏறிய இவ்வேந்தன் சுங்கம் தவிர்த்த சோழன் எனப் பெயர் பெற்றான். சுங்கத்தை எந்த அளவுக்குத் தவிர்த்தான் என்பது ஆய்வுக்குரியது. ஆனால் அப்பெயரை மக்கள் போற்றியதிலிருந்து அதுவரை சுங்கம் எத்துணைச் சுமையாக இருந்தது என்பது புலப்படும். 1077இல் சோழநாட்டிலிருந்து 72 பேர் கொண்ட தூதுக்குழு சீனம் சென்றதைச் சீன வரலாற்றுக் குறிப்புகள் கூறுகின்றன. 1088இல் சுமத்திராத் தீவின் பாரூசுக்கு அருகே லோபு துவா என்ற இடத்தில் திசையாயிரத்து ஐஞ்ஞூற்றுவர் என்னும் வணிகப் பெருங்குழு தமிழில் கல்வெட்டு ஒன்றை நட்டது. அங்கு வந்து சேரும் மரக்கலத் தலைவரும் கலத்தோரும் கஸ்தூரியின் விலையை அளவாகக் கொண்டு பொன் செலுத்தவேண்டும் என்பது அதன் உள்ளடக்கம். அயல்தீவில், அரசன் ஆணையின்றி, வணிகர் தாமே வகுத்துக்கொண்ட கட்டணம் அது.

அதற்கு 30 ஆண்டுகள் கழித்து, அதே குலோத்துங்கனின் 48ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1118ஆம் ஆண்டளவில், அருப்புக்கோட்டை வட்டத்துக் கோயிலாங்குளத்தில் மற்றொரு கல்வெட்டு எழுந்தது. வெண்பு வளநாட்டுக் கும்பனூரைச் சேர்ந்தோர் பலர் ஒன்றுகூடி, முக்குடையார்க்குக் கோயிலெடுத்து, பொன்வேய்ந்த விமானம் அமைத்து, செப்புத் திருமேனியும் இயக்கி திருமேனியும் செய்வித்து, வழிபாட்டுக்கு நிலமும் விட்டனர் என்பது அதன் செய்தி. முக்குடையார் என்பது மூன்று குடை நிழலில் வீற்றிருக்கும் அருகப்பெருமான் என்பதை விளக்க வேண்டியதில்லை. கரிசற்காட்டுச் சிற்றூர் ஒன்றில் பொன்வேய்ந்த விமானம்! மன்னன் ஒருவன் அளித்த கொடையன்று. ஊரார் கூடிச் செய்தது. மானாவாரி நிலத்தின் விளைவை மட்டும் நம்பியிருந்தவர்களிடம் அத்துணைப் பொன் சேர்ந்திருக்க வாய்ப்பில்லை. அப்பொன் எவ்வழி வந்தது என்பதைக் கல்வெட்டு கூறவில்லை என்றாலும், இவ்வூர்கள் மதுரைக்கும் கீழைக் கடற்கரைக்கும் இடைப்பட்ட வழிகளில் அமைந்தவை என்பதை நிலப்படமே காட்டும்.

பொதுநலத்துக்காகச் சரக்கின்மீது தாமே தண்டிக்கொள்ளும் வழக்கத்துக்கு மிகத் தெளிவான சான்று, சிவகங்கைப் பக்கத்துப் பிரான்மலையில் உள்ளது. 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு அது. உப்பு, மிளகு, பாக்கு, இரும்பு, பஞ்சு, நூல், துணி, சந்தனம், அகில் எனப் பொருள்களை வரிசைப்படுத்தி, குதிரை, யானை வரை ஒவ்வொன்றின்மீதும் பொதிக்கு இவ்வளவு, தலைக்கு இவ்வளவு என வணிகர் குழுவினர் கோயிலுக்குத் தம் பங்கை ஒதுக்கினர். வெளிநாட்டுச் சரக்கும் உள்ளூர்ப் பஞ்சும் ஒரே பட்டியலில் நிற்கின்றன. அக்காலத்துப் பாண்டியர் அரபு நாட்டுக் குதிரைகளை ஆண்டுதோறும் பெருந்தொகை கொடுத்து இறக்கியதைப் பாரசீக ஆசிரியர் வசாபும் வெனிசு நகரத்து மார்க்கோ போலோவும் எழுதியுள்ளனர். அவ்வாணிகத்தின் ஆதாயம் பெரும்பாலும் குதிரை கொணர்ந்தோர்க்கே சென்றது.

அதன்பின் இந்நாட்டில் சமணத்தின் சுவடு மங்குகிறது. குறண்டி மரபு ஓய்ந்தது. முக்குடையார் கோயிலைப் பேண ஆளில்லை. தமிழ்ச் சமணர் இன்று வந்தவாசி, ஆரணி, செய்யாறு, திண்டிவனம் பகுதிகளில், மேல்சித்தாமூர் மடத்தைத் தலைமையாகக் கொண்டு வாழ்கின்றனர். வைகைக்குத் தெற்கே எஞ்சியவை கல்லும் பெயருமே.

ஆனால் வழக்கம் எஞ்சியது. 19ஆம் நூற்றாண்டில் அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, விருதுபட்டி, சாத்தூர், சிவகாசி, திருமங்கலம் ஆகிய ஊர்களில் பேட்டை அமைத்துத் தங்கிய நாடார் வணிகர், சரக்கு மூட்டைக்கு இவ்வளவு என மகமை வாங்கினர். உறவின்முறை அதனைக் கணக்கிட்டுக் கோயிலும் கிணறும் பள்ளிக்கூடமும் அமைத்தது. 1889இல் விருதுபட்டியில் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலை இவ்வாறு எழுந்ததே. பிரான்மலைக் கல்வெட்டுக்கும் பேட்டைக் கணக்குப் புத்தகத்துக்கும் இடையே ஆறு நூற்றாண்டு உண்டு; சமயமும் குலமும் வேறு; செயல் ஒன்றே. சமணர் இதனைத் தமக்கேயுரிய மரபாகக் கருதவேண்டியதில்லை. பெருமையுடன் பகிர்ந்துகொள்ளத் தக்க மரபு இது.

இந்நிலையில்தான் உலகச் சந்தை இக்கரிசல் நிலத்தை முற்றிலும் புதியதொரு முறையில் வந்து தொட்டது. 1861இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. இங்கிலாந்தின் நூற்பாலைகள் தமக்கு வேண்டிய பஞ்சில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை அமெரிக்கத் தென்மாநிலங்களிலிருந்து பெற்றுவந்தன. துறைமுகங்கள் முற்றுகையிடப்பட்டதால் பஞ்சு வரவு நின்றது. லிவர்பூல் சந்தையில் 1864இல் விலை, போருக்கு முன்பிருந்ததைப் போல் நான்கு மடங்கை எட்டியது. உலகின் பார்வை இந்தியப் பருத்தியின்மேல் விழுந்தது. திருநெல்வேலிப் பருத்தி என்ற பெயரில் தெற்குக் கரிசலின் பஞ்சு மாட்டுவண்டிகளில் தூத்துக்குடிக்குச் சென்று கப்பலேறியது. பருத்தி பயிரிட்ட பரப்பு விரிந்தது. 1865இல் போர் முடிந்ததும் விலை சரிந்தது. கடன் வாங்கிக் கம்பங்கொல்லையைப் பருத்திக்காடாக மாற்றியவன், தான் காணாத ஒரு நாட்டில் தான் அறியாத ஒரு போர் நின்றதனால் கெட்டான்.

அச்சரிவின் பேருருவத்தைப் பம்பாய் கண்டது. அங்குப் பருத்தி வாணிகத்திலும் பங்குச் சூதிலும் தலைமை பெற்று விளங்கியவர் பிரேம்சந்த் ராய்சந்த். 1831இல் சூரத்தில் பிறந்த சுவேதாம்பர சமணர். போர்க்காலச் செல்வத்தின் உச்சியில், பம்பாய்ப் பல்கலைக்கழகத்துக்கு நூலகத்துக்காக 2 லட்சமும் மணிக்கோபுரத்துக்காக 2 லட்சமும் அளித்தார். 1865இல் அவருடைய பெருஞ்செல்வம் கரைந்தது. அவரை நம்பிப் பங்கு வாங்கிய எண்ணற்றோர் வீழ்ந்தனர். கோபுரமோ 1878இல் எழுந்து முடிந்தது. அவர் அன்னையார் பெயரால் ராஜாபாய் கோபுரம் எனப்படுகிறது. பார்வை குன்றிய அவ்வன்னையார், பொழுது சாயுமுன் உண்ணும் சமண நெறியை வழுவாது காக்க அம்மணியோசை உதவியது என்பது செவிவழிச் செய்தி. அன்னையார் பொழுதுக்கு வரம்பு வைத்திருந்தார். மைந்தர் ஆதாயத்துக்கு வரம்பு வைக்கவில்லை. க்ஷேத்திர விருத்தி என்ற குற்றத்துக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டை நூல்களில் தேடவேண்டியதில்லை. எனினும் அவருடைய கொடை நின்று பயன் தருகிறது என்பதையும் மறைத்தல் ஆகாது.

விலையேற்றக் காலத்தில் பெருகிய மற்றொன்று கலப்படம். பஞ்சில் நீர் தெளித்து எடை கூட்டுவதும், கொட்டையும் தூசியும் கலப்பதும், நல்ல பஞ்சில் மட்டப் பஞ்சைப் பொதிவதும் வழக்கமாயின. பம்பாய் அரசு 1863இல் பருத்தி மோசடிச் சட்டம் என்றே ஒன்றை இயற்றியது. குறை அளவும் மிகை அளவும், ஒன்றுபோல் மற்றொன்றைக் காட்டி விற்றலும் களவே என்று சூத்திரத்தில் எழுதிவைத்தவற்றை, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் கழிந்து ஆங்கிலேயர் சட்டமாக்க வேண்டியிருந்தது! சட்டம் வந்ததனால் மோசடி ஒழிந்ததா எனின், ஒழியவில்லை. 1925இல் அரவை ஆலைகளுக்கும் அழுத்து ஆலைகளுக்கும் தனிச்சட்டம் வந்தது. சென்னை மாகாணத்தில் 1933ஆம் ஆண்டு வாணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம், உழவன் கண்முன் எடை போடும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களுக்கு வழிவகுத்தது. இன்றும் ஆலைக்காரர் வாயில் வழங்கும் கண்டி என்னும் அளவு, 784 ராத்தல் கொண்டது, அக்காலத்தின் எச்சமே.

1869இல் சூயசு கால்வாய் திறந்தது. 1870இல் இலண்டனும் பம்பாயும் கடலடித் தந்தியால் இணைந்தன. 1876இல் மதுரை–தூத்துக்குடி இருப்புப்பாதை ஓடத் தொடங்கியது. ஆர்வி நிறுவனத்தார் அம்பாசமுத்திரத்திலும் தூத்துக்குடியிலும் மதுரையிலும் நூற்பாலைகள் எழுப்பினர். தொலைவு சுருங்கியது என்று அக்காலத்தார் வியந்தனர். உண்மையில் சுருங்கியது சரக்கும் செய்தியும் செல்லும் தொலைவுதான். விலையை முடிவு செய்வோனுக்கும் விளைவிப்போனுக்கும் இடைப்பட்ட தொலைவு நீண்டுவிட்டது. லோபு துவாவில் கட்டணத்தை வகுத்தோர் வாணிகம் செய்தோரே. பேட்டையில் மகமையை வகுத்தோரும் அவ்வாறே. லிவர்பூல் விலையை வகுத்ததில் அருப்புக்கோட்டையாருக்கு எப்பங்கும் இல்லை. இருப்புப்பாதை வந்த ஆண்டிலேயே 1876–78 பெரும்பஞ்சமும் தொடங்கியது என்பது வரலாற்றின் கொடிய பொருத்தம்.

1933ஆம் ஆண்டில் நிகழ்ந்தது இதனை மேலும் தெளிவாக்கும். அப்போது இந்தியப் பஞ்சை மிகுதியாக வாங்கியது ஜப்பான். அந்நாட்டு மலிவுத் துணி இந்தியச் சந்தையில் நிறைந்ததால், லங்காஷயரும் இந்திய ஆலை முதலாளிகளும் கூக்குரலிட, பிரிட்டன் அல்லாத நாடுகளின் துணிமீது இறக்குமதித் தீர்வை 75 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. ஜப்பானிய நூற்பாலையார் இந்தியப் பஞ்சை வாங்குவதில்லை என்று முடிவு செய்தனர். ஆலை முதலாளிகளைக் காக்க விதித்த தீர்வை, பருத்தி உழவன் தலையில் விழுந்தது. 1934இல் உடன்படிக்கை ஏற்பட்டது: ஜப்பான் 10 லட்சம் பேல் பஞ்சு வாங்கினால் 32.5 கோடி கெசம் துணி அனுப்பலாம்; 15 லட்சம் பேல் வாங்கினால் 40 கோடி கெசம். தில்லியில் அமர்ந்து பேலும் கெசமும் எண்ணியோருக்கு, இடையில் உழவன் எத்தனை பருவம் இழந்தான் என்பது கணக்கில் வரவில்லை.

விடுதலைக்குப் பின் இத்துறை நெடுங்காலம் வேலிக்குள் இருந்தது. அருப்புக்கோட்டையில் தேவாங்கரும் சாலியரும் காத்துவந்த கைத்தறியோடு விசைத்தறியும் நூற்பாலைகளும் பெருகின. 1974 முதல் உலகத் துணி வாணிகம் நாட்டுக்கு நாடு ஒதுக்கீடு வைத்து நடந்தது. 1995இல் உலக வாணிக அமைப்பு தோன்ற, பத்தாண்டில் படிப்படியாகக் குறைந்து, 2005 சனவரி முதல் நாளன்று ஒதுக்கீடு முற்றும் நீங்கியது. இனி எல்லைச்சுவர் இல்லை, திறமையே அளவு என்று அன்று கூறப்பட்டது. 2011 மார்ச்சில் உலகப் பஞ்சு விலை ராத்தலுக்கு 2 டாலருக்கு மேல் சென்று, அவ்வாண்டிலேயே பாதியளவாக வீழ்ந்தது. உச்சத்தில் பஞ்சு வாங்கி நூலாக்கியவன் சரிவில் அதனை விற்கவேண்டியவனானான். 1865இல் இழந்தவர் உழவர் என்றால், இம்முறை சிறு ஆலையாரும் தறியாரும்.

இவற்றுக்கிடையே பருத்தியே இந்நிலத்தில் அருகிவருகிறது. கோவில்பட்டியில் 1901இல் தொடங்கிய ஆராய்ச்சி நிலையம் போற்றி வளர்த்த கருங்கண்ணி முதலிய கரிசல் இனங்கள், மழையை மட்டும் நம்பி, நஞ்சு தெளிக்காமலே விளைந்தவை. அவற்றின் இழை குட்டையானது. ஆலைகள் நீள இழை கேட்டன. 2002இல் மரபணு மாற்றிய விதை வந்தபின் விதையும் ஆண்டுதோறும் விலைக்கு வாங்கும் பொருளாயிற்று. அஃதியலாதவன் மக்காச்சோளத்துக்கு மாறினான். அதுவும் இயலாதவன் நிலத்தைத் தரிசாக விட்டான்.

தரிசில் முளைத்ததோ அமெரிக்கக் கண்டத்தின் மரம். திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பக்கங்களில் இன்று கண்ணுக்கெட்டும் தொலைவும் சீமைக்கருவேலம். விறகுக்கென்று விதை தூவிய காலம் போய், அதனை ஒழிக்க நீதிமன்றம் வரை சென்ற காலம் வந்துவிட்டது. ஆயினும் அம்மரத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்குவதே பல குடும்பங்களுக்குச் சோறிடும் தொழில். சிராவகர் விலக்கவேண்டிய பதினைந்து தொழில்களை எண்ணும் நூல்களில் முதலில் நிற்பது கரி சுடுதல். அதனை அடுத்து நிற்பது காடு வெட்டுதல். அப்பட்டியலை வகுத்தோர், தேர்ந்துகொள்ள வேறு தொழில் உடையவர்களை நோக்கியே வகுத்தனர். பருத்திக்குடி நாட்டில் கரிமூட்டத்தின் புகைநடுவே நிற்பவர்க்கு அத்தேர்வு இல்லை. அவர் அடுக்கிவைத்த மூட்டைகள் லாரியேறி வெளிமாநிலம் செல்கின்றன. மூட்டைக்கு என்ன விலை என்பதை லாரியோடு வந்தவர் சொல்லித்தான் அவர் அறிகிறார்.